ஐம்பத்தொன்பது கிலோ

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது அவளிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். அவள் உடனே போன் போட்டு, "ஏன்டி, எங்கிட்டக் கேக்காம எழுதலாமா? அதுக்கு என்ன ரூல் இருக்கு?" என்பாள். கேட்பதோடு விடவும் மாட்டாள். ரூலைத் தேடிக் கண்டுபிடித்து என்னிடமே படித்துக் காட்டுவாள்.

நான் மல்யுத்தம் பழகப் போன முதல் நாளே அவள் என்னை அதிர வைத்தாள். திருக்கோகர்ணத்தில் ஓர் அரிசி மண்டிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் எங்கள் பயிற்சிக்கூடம். வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு, பள்ளிக்கூடப் பையோடு உள்ளே நுழைந்தேன். நடுவில் ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வா புள்ள, இந்தக் காலப் பிடிச்சுக்க" என்று மற்றக் காலை என் பக்கம் நீட்டினாள். "நல்லா இறுக்கிப் பிடி. என்னையக் கீழ தள்ளு பாப்போம்."

பள்ளிக்கூடச் சீருடையோடு, முன்பின் தெரியாத ஒருத்தியின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தள்ளத்தான் முடியவில்லை. அவள் கடலை தின்பதையும் நிறுத்தவில்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அப்போதெல்லாம் ஒரு பந்தயம் மூன்று சுற்று, இரண்டு சுற்று ஜெயித்தால் போதும். ஒரு சுற்றில் யாருமே பாயிண்ட் எடுக்காவிட்டால் ரெபரி ஒரு பைக்குள் கையை விட்டுப் பந்து எடுப்பார். சிவப்புப் பந்து வந்தால் சிவப்பு உடை போட்டவளுக்கு யோகம், நீலம் வந்தால் நீலத்துக்கு. யோகம் அடித்தவள் எதிராளியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். அரை நிமிடத்துக்குள் அவளை வீழ்த்திவிட்டால் சுற்று இவளுக்கு. வீழ்த்தாவிட்டால் ஒற்றைக்காலில் தாக்குப்பிடித்தவளுக்கு.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் இதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள். இவள் மட்டும் பந்து எந்த நிறத்தில் வந்தாலும் தனக்கே ஆகும்படி இரண்டையும் பழகினாள். பஸ் ஸ்டாப்பில் ஒற்றைக்கால், குழாயடியில் ஒற்றைக்கால், பள்ளிப் பிரார்த்தனையிலும் பாவாடைக்குள் ஒற்றைக்கால்தான். பந்தயத்துக்குப் போனால் சுற்று முடியும் வரை எதிராளியின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே சும்மா சுற்றி வருவாள். கூட்டம் ஊளையிடும். பந்து எடுத்ததும் அவளுக்கு உயிர் வந்துவிடும்.

"இது மல்யுத்தமா, குலுக்கல் சீட்டா?" என்று எங்கள் கோச் தலையில் அடித்துக்கொள்வார். அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

"ரூல்ல இருக்குல்ல சார்" என்பாள்.

அந்த ரூல் ஒருநாள் போயே போய்விட்டது. இனிமேல் பந்தும் கிடையாது, சுற்றுக்குச் சுற்று கணக்கும் கிடையாது, மொத்தப் பாயிண்ட்தான், சும்மா சுற்றி வந்தால் எச்சரிக்கை, அதற்குப் பிறகும் பாயிண்ட் எடுக்காவிட்டால் எதிராளிக்குப் பாயிண்ட் என்று சார் வந்து சொன்னார். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அத்தனை நாள் நின்ற கால் வீணாகிவிட்டதே, அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி பாயிண்ட் எடுத்து சமமா நின்னா என்ன சார் பண்ணுவாங்க?"

"கடைசியா எவ பாயிண்ட் எடுத்தாளோ அவளுக்கு."

"அப்பிடியா" என்றாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் ஒற்றைக்காலில் நின்று நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக ஆரம்பத்தில் எதிராளிக்கு ஒரு பாயிண்டைத் தானம் போல விட்டுக்கொடுத்து, கடைசி நொடிகளில் தன்னுடையதை எடுக்க ஆரம்பித்தாள். சார் மேட் விரிப்புப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

வீட்டிலும் இதே கூத்துத்தான். "ஆறு மணிக்கு வீட்டுல இருக்கணும்" என்று அவள் அம்மா ஒரு சட்டம் போட்டார். ஆறு மணிக்கு வருவாள், அம்மா கண் முன்னால் தண்ணீர் குடிப்பாள், மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். "ஆறு மணிக்கு இருந்தேன்ல?" அம்மா சட்டத்தைத் திருத்தினார். ஆறு மணிக்கு மேல் வாசல் தாண்டக் கூடாது. அவள் கொல்லைப் பக்கமாகப் போனாள். ஆட்டோ ஓட்டுகிற அவள் அண்ணன், "ஆத்தா, நீ இவகூட வாய் குடுக்காம கொல்லைக் கதவுலயும் ஒரு பூட்டு வாங்கித் தொங்கவிடு" என்று சிரித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஏமாற்றுக்காரி இல்லை. கண்ணில் விரல் விடுவது, முடியை இழுப்பது, ரெபரி பார்க்காதபோது நகத்தால் கீறுவது, இதெல்லாம் செய்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் செய்ததே இல்லை. ரூல் எதுவரைக்கும் விடுகிறதோ அதுவரைக்கும் போவாள், அந்தக் கோட்டில் போய் நின்றுகொள்வாள். அவள் மேல் எனக்கு மரியாதை வந்ததும் அதனால்தான், பயம் வந்ததும் அதனால்தான்.

பயம் என்று சும்மா சொல்லவில்லை. களைத்துப்போன பிள்ளைகள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து, டாக்டர் வரும் சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்வது அப்போது வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்க ஒரு ரூல் வந்தது. ரத்தமோ வெளியில் தெரிகிற காயமோ இல்லாமல் ஆட்டத்தை நிறுத்தினால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். எல்லாரும் விழுவதை விட்டுவிட்டார்கள். கறம்பக்குடியில் நடந்த ஒரு பந்தயத்தில் இவள் மூச்சு முட்டிப்போய் நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று வாயெல்லாம் ரத்தம். நான் பதறிப்போய் ஓடினேன். டாக்டர் பஞ்சு வைத்து அடைத்தார். அந்த நேரத்துக்குள் அவள் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பிப் போய் ஜெயித்துவிட்டு வந்தாள்.

"பல்லு ஒடஞ்சுருச்சாடி?" என்று கேட்டேன்.

உதட்டை மடித்துக் காட்டினாள். உள் பக்கம் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. "ரத்தம் வந்தா பாயிண்ட் குடுக்க வேணாம்ல?" என்று சிவந்த பல்லோடு சிரித்தாள்.

தன் சதையைத் தானே கடித்துக்கொண்டிருக்கிறாள். அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவே பிடிக்கவில்லை. ஆனாலும் அவளே ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

இவ்வளவு வருடம் ஒன்றாகப் பழகியும் நாங்கள் பந்தயத்தில் மோதியதில்லை. நான் ஐம்பத்தெட்டு கிலோ, அவள் அறுபது. அவள் கண்டுபிடிக்கிற எல்லாவற்றையும் முதலில் என் மேல்தான் சோதித்துப் பார்ப்பாள், நானும் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. நடுவில் இருந்த அந்த இரண்டு கிலோதான் எங்கள் சிநேகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் ஸ்டாப்பில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "வெயிட்டெல்லாம் மாத்திட்டாங்கடி. இனிமே அம்பத்தெட்டும் இல்ல, அறுவதும் இல்ல."

"பெறகு?"

"ரெண்டுக்கும் நடுவுல அம்பத்தொம்பது."

எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்து யாரோ ஒரு எண்ணை அடித்துவிட்டு இன்னொன்றை எழுத, இங்கே திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போட்டியாகிவிட்டோம். கீழே இறங்கினால் ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டுக்கே பட்டினி கிடக்கிறவள் நான். மேலே போனால் அறுபத்திரண்டு. அதில் தஞ்சாவூர்க்காரி ஒருத்தி இருந்தாள். பயிற்சி முகாமில் எங்கள் இருவரையுமே மூட்டையைப் போடுவது போலத் தூக்கிப் போட்டவள். அவள் இருக்கிற எடைக்கு யாரும் வலியப் போக மாட்டார்கள்.

மாநில அணித் தேர்வு அந்த வருடம் புதுக்கோட்டையிலேயே நடப்பதாக இருந்தது. அணிக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. அப்பாவின் கடலைக் காட்டை நம்பி எங்கள் வீட்டில் இன்னும் எத்தனை வருடம் ஓட்ட முடியும்? எனக்கு அந்த இடம் வேண்டும். அவளுக்கு என்னைவிட அதிகமாக வேண்டும். குவைத்தில் வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளையை அவள் அம்மா பேசி வைத்திருந்தார். "இந்தத் தடவ டீமுக்குப் போனியன்னா ஒரு வருசம் பொறுக்குறேன். இல்லாட்டி தை மாசம் தாலி" என்று சொல்லிவிட்டார். அவள் மறுபேச்சே பேசாமல் ஒத்துக்கொண்டாளாம். நான் கோபப்பட்டபோது, "என்னடி தப்பு? எங்கம்மா ஓட்டையே இல்லாம போட்ட மொத ரூல் இதுதான்" என்றாள்.

தேர்வு நாள் காலையில் இருவரும் ஐம்பத்தொன்பதுக்கு எடை பார்த்தோம். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவளோ இட்லி வரிசையில் என்னை இழுத்துத் தனக்கு முன்னால் விட்டாள். பின்னால் நின்ற தஞ்சாவூர்க் கோச் யாரிடமோ, "எங்க அறுவத்திரெண்டு வரலைங்க, வண்டியில விழுந்து தோள்பட்டை எலும்பு ஒடஞ்சு கெடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் இட்லியை மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

சாயங்காலம் கடைசிப் பந்தயத்தில் நாங்கள் எதிரெதிரே நின்றோம். சார் இரண்டு பக்கமும் உட்கார மாட்டேன் என்று கேலரிக்குப் போய்விட்டார். அவள் பக்கத்துக் கோச் நாற்காலியில் அவள் அண்ணன், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் எங்கள் கூடத்துப் பிள்ளை ஒருத்தி. அவள் இரண்டு பாயிண்ட், நான் ஒன்று. நேரம் முடியப் போகிறது. நான் அவள் காலைக் கவ்விப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வீழ்த்தினேன். ரெபரி என் பக்கம் இரண்டு விரலைக் காட்டினார். மூன்றுக்கு இரண்டு.

உடனே அவள் அண்ணன் பக்கத்திலிருந்த பஞ்சுக்கட்டியை எடுத்து மேட் மேல் வீசினார். தீர்ப்பு தப்பு என்று நினைத்தால் அப்படி வீசலாம். மேஜையில் இருப்பவர்கள் வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். "அந்தப் புள்ள காலு வெளிய போயிருச்சுங்க! நான் பாத்தேன்!" என்று அவர் கத்தினார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணெல்லாம் வேர்வை. அவள் எழுந்து போய் அந்தப் பஞ்சுக்கட்டியை எடுத்தாள். கையில் வைத்து ஒரு தடவை பார்த்தாள். மேட் ஓரத்துக்கு வெளியே தூக்கி எறிந்தாள்.

ரெபரி மேஜைக்கு ஓடினார். அவர்களுக்குள் குசுகுசுவென்று பேச்சு. யாரோ ஒருவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, விளையாடுகிறவளுக்குச் சம்மதமில்லை என்றால் வீடியோ பார்க்கத் தேவையில்லை, ஆட்டம் தொடரலாம் என்று வாசித்தார். அப்படி ஒரு வரி இருப்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. மிச்சமிருந்த சில நொடிகள் ஓடின. ரெபரி என் கையைத் தூக்கினார். அவள் அண்ணன் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனார்.

அன்று ராத்திரி அரங்கத்துக்கு எதிரே இருந்த பரோட்டாக் கடையில் நாங்களும் அவள் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். பந்தயம் பார்க்க வந்திருந்த என் சித்தி மகன் போனில் எடுத்த வீடியோவை அங்கேதான் பார்த்தேன். அவள் கீழே விழுவதற்கு முன்பே என் குதிகால் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. பளிச்சென்று தெரிந்தது. என் இரண்டு பாயிண்ட் செல்லாது, அவளுக்கு ஒரு பாயிண்ட் சேரும், அவள்தான் ஜெயித்திருக்க வேண்டும். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கீழே விழுந்துகொண்டே அவள் என் குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிச்சை போட்டியாடி எனக்கு?" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவளை ஒரு தடவையாவது சொந்தமாக ஜெயிக்க வேண்டும் என்று இத்தனை வருடமும் ஆசைப்பட்டவள் நான்.

அவள் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்தாள். "உக்காருடி. நாளைக்கிக் காலைல அறுவத்திரெண்டுக்கு வெயிட் பாக்குறாங்க. தஞ்சாவூர்க்காரி வரல. இன்னிக்கித் தோத்தவ நாளைக்கி மேல் வெயிட்ல எறங்கலாம், போன வருசம்கூட கரூர்ப் புள்ள ஒண்ணு எறங்குச்சு. நீ அம்பத்தொம்பது, நான் அறுவத்திரெண்டு. ரெண்டு பேருமே போறோம்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ ஜெயிச்சுட்டு என்னைய அனுப்பியிருக்கலாம்ல?"

"நீ ஒரு தோசைய முழுசாத் திம்பியா? மேல ஏறுறதுன்னா நான்தான் ஏறணும். எடை பாத்தப்பறம்தான் அந்தத் தஞ்சாவூர்க் கோச் சொன்னாரு, இல்லாட்டி நேரா அங்கிட்டுப் போயிருப்பேன்." பரோட்டாக் கல்லருகே நின்றவரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு சொன்னாள். உர்ரென்று உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, தன் இலையில் இருந்த ஆம்லெட்டையும் எடுத்து அவளுக்கு வைத்தார். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த அரைமணி நேரம் இந்த உலகத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரிகள் யாரும் இருந்திருக்க முடியாது.

காலையில் எடை மேடைக்கு முன்னால் அவள் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் அங்கிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, நேத்து அம்பத்தொம்பதுல வெளாண்ட புள்ளதான நீங்க?"

"ஆமா சார். தோத்துட்டேன். இதுல எறங்குறேன்."

"முடியாதும்மா. ஒரு எடையில மேட் ஏறுனா அதோட சரி. இந்த வருசத்துலேர்ந்து அப்பிடித்தான்."

"போன வருசம்..."

"அது போன வருசம்மா. நேத்துக் கோச்சுங்க மீட்டிங்லயே சொல்லிட்டோமே."

அவள் திரும்பிச் சாரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சொன்னாங்கம்மா" என்றார். "ஒனக்குத் தெரியாத ரூலா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லையே."

அதுதான் உண்மை. எங்கள் கூடத்தில் எல்லாரும் அவளைக் கேட்டுத்தான் ரூல் தெரிந்துகொள்வோம். சாரே கேட்பார். அவளிடம் போய் ஒரு ரூலைச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

அவள் வரிசையை விட்டு விலகி நின்றாள். அழவில்லை. "நல்ல ரூல்தான்" என்றாள். "இல்லாட்டி என்னைய மாதிரி ஆளுங்க விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்து வெளாண்டுருவாளுங்க." அவள் அண்ணன் அதிகாரியின் சட்டையைப் பிடிக்கப் போனார். அவள்தான் குறுக்கே நின்று தடுத்தாள்.

எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சித்தி மகனிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு மேஜையை நோக்கி ஓடினேன். வீடியோவைக் காட்டிவிடுவது, என் கால் வெளியே போனதைச் சொல்லிவிடுவது, இடத்தை அவளிடமே கொடுத்துவிடுவது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அவள் பின்னாலேயே ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்கடி போற?"

"விடு. நீதான் ஜெயிச்ச. நான் போயிச் சொல்றேன்."

"சொன்னாலும் ஆகாதுடி. கையத் தூக்குனப்பறம் முடிவ மாத்தக் கூடாது. வீடியோ இருந்தாலும் மாத்தக் கூடாது."

"ஒனக்கு என்ன தெரியும்? நேத்தும் இப்பிடித்தான தெரியும்னு சொன்ன?" என்று கத்திவிட்டேன். அவள் பிடியை விட்டாள்.

நான் மேஜைக்குப் போனேன். போனை நீட்டினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தப்பாகச் சொன்ன ரூல் அது ஒன்றுதான், அதோடு சேர்த்து இதையும் அவள் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கக் கூடாதா என்று என் குலசாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன்.

மேஜையில் இருந்த பெரியவர் வீடியோவை முழுக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவள் சொன்னது சரி.